ஒரு பிளேட் கோவிந்தசாமி

பெங்களூர் ஜட்காக் குதிரைகளுக்குச் சுயபுத்தி உண்டு. ரயிலை விட்டு இறங்கிய கால் மணி நேரத்தில் இதைத் தெரிந்துகொண்டேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வாசலில் வண்டியேறி, "மர்பி டவுன் போங்க" என்று சொல்லிவிட்டு, குளிருக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். முதல் திருப்பத்தில் ஒரு டீக்கடை. குதிரை நின்றது. வண்டிக்காரர் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பினார். அடுத்து ஒரு பீடிக் கடை. அங்கும் நின்றது. மூன்றாவதாக முடி வெட்டும் கடை.

"என்ன பாய், எனக்குச் சவரமா?" என்றேன்.

"கோச்சிக்காத பேட்டீ. தெனம் காலீல ஒரு சேட்டு ஏறுவாரு. இங்கெல்லாம் எறங்கி எறங்கி ஏறுவாரு. இன்னிக்கி அவரு வரலன்னு இதுக்கு யாரு சொல்றது? நீயே சொல்லு, பொம்பளப் பேச்சு கேக்குதா பாக்கலாம்."

சொன்னேன். கேட்கவில்லை. சேட்டின் காலைக் காரியங்கள் அத்தனையும் முடிந்த பிறகுதான் மர்பி டவுன் வந்தது.

நான் ஈப்போக்காரி. சென்னையில் ஆசிரியப் பயிற்சிக்காகக் கப்பலேறி வந்து ஓராண்டாகிறது. அப்பாவும் பெரியப்பாவும் குடியாத்தம் பக்கத்தில் பிறந்தவர்கள். அண்ணன் கோலாரில் தங்கம் தோண்டப் போனார்; தம்பி மலாயாவில் வெள்ளீயம் தோண்டப் போனார். இரண்டு பேருமே பணக்காரர்கள் ஆகவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பாவை நான் பார்த்ததே இல்லை. அவர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது. "ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு வருஷத் திதி. என்னால் வர இயலாது. நீ போய் என் இடத்தில் நில்" என்று அப்பா எழுதியிருந்தார். கல்லூரிக்கு விடுமுறை. எனக்கோ உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. கிளம்பிவிட்டேன்.

அப்பாவின் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. "அண்ணனுக்கு வந்தது தொண்டையில் புற்றுநோய். அண்ணி எனக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார்." கடைசிச் சொற்களை நான் கவனித்துப் படித்திருக்க வேண்டும்.

பெரியம்மா அஞ்சலை கட்டையாக, கருகருவென்று, நடக்கும்போது வீடே அதிரும்படி இருந்தார். ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயா வேலை. பெரியப்பாவின் வைத்தியத்துக்காகக் கோலாரிலிருந்து வந்தவர், பிறகு திரும்பிப் போகவில்லை. "இன்னா கண்ணு, இம்மாந்தூரம் கப்பல்ல வந்து எலும்பா கீற? அங்க சோறு போடறது இல்லியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் ஆவி பறக்கும் ராகிக் களியைத் தட்டில் உருட்டி வைத்தார். நான் அதைப் பல்லால் மென்று பார்த்தேன். அவருடைய மகள் சரோஜா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். களியைக் குழம்பில் தொட்டு அப்படியே விழுங்க வேண்டுமாம். "ஏய் ஈப்போ, பல்லுக்கு லீவு குடு!" என்றாள். அன்றிலிருந்து என் பெயர் ஈப்போ.

சரோஜா என்னைவிட ஒரு வயது மூத்தவள். பத்தாவது வரை படித்தவள். முத்து முத்தான கையெழுத்து. வாயும் அதே மாதிரி, தெளிவாக அடிக்கும்.

அன்று பிற்பகல் அவளோடு கடைக்குப் போனபோதுதான் அந்தக் கரும்பலகையைப் பார்த்தேன். தெருமுனையில் மாணிக்கம் என்பவரின் தையல்கடைச் சுவரில் அது மாட்டியிருந்தது. 'ஞாயிற்றுக்கிழமை' என்று மேலே. கீழே:

எல்லம்மா – மசால் வடை
துரைசாமி – போட்டி வறுவல்
பிலோமினா – முட்டைப் புட்டிங்
முனிரத்தினம் – களி, கீரை மசியல்

இப்படிப் பத்துப் பதினைந்து பெயர்கள். எங்கள் ஊரில் சீனர்களின் தள்ளுவண்டிக் கடைகள் வரிசையாக நிற்கும். அந்த மாதிரி ஏதோ சமையல்காரர்கள் பட்டியல் என்று நினைத்தேன்.

"இந்தத் துரைசாமி ஆட்டுக்குடல் போட்டி நல்லா வறுப்பாரா?" என்று தையல்காரரிடம் கேட்டேன்.

மாணிக்கம் வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். "துரைசாமி போயி ரெண்டு வருசம் ஆச்சும்மா."

"அப்போ எல்லம்மா?"

"அது எம்பொஞ்சாதி. நாலு வருசம்."

நான் பலகையை மறுபடி மேலிருந்து கீழே படித்தேன். அவரோ வெகு சாதாரணமாக விளக்கினார். திதி அன்று படத்துக்கு முன்னால் இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. எல்லம்மாவின் முதல் திதிக்கு மசால் வடை சுட்டுப் படைத்துவிட்டு மாணிக்கம் வெளியே வந்தால், ஒரு காகம் வடையைக் கௌவிக்கொண்டு பறந்ததாம். "காக்கா துன்னுடுச்சி, அவ துன்ன மாதிரின்னு எல்லாரும் சொன்னாங்க. சரி, காக்காவுக்கு வயிறு ரொம்பிச்சி, எம் பொஞ்சாதிய கொண்டுகினு போன நோவுக்கு இன்னா ஆச்சின்னு எனக்கு ஒரே ஆத்திரம். நேரா ஆஸ்பத்திரிக்கு போயி, அந்த டாக்டரம்மாவ கேட்டேன். இந்த நோவு ஏன் வர்துன்னு யாராச்சும் தேடறாங்களான்னு. நான்தான் தேடறேன், கையில ஒண்ணும் இல்லாம தேடறேன்னாங்க."

அதிலிருந்து ஆண்டுக்கொரு முறை, புற்றுநோயில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் எல்லாம் சேர்ந்து தெருவில் படையல் போடுகின்றன. யாருக்கு எது பிடிக்குமோ அது. வருகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடலாம். காசு முழுவதும் டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு. ஆனால் இரண்டு சட்டங்கள். வாங்குகிறவர் பண்டத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆளின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். கொடுக்கிறவர், அந்த ஆளுக்கு நோய் முதலில் எப்படித் தெரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

"துரைசாமிக்கு நெசமா புடிச்சது சாராயம்," என்றார் மாணிக்கம். "அத்தப் படைக்க முடியுமா? அதான் தொட்டுக்கறத படைக்கிறான் அவன் மவன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். சரோஜா வேகமாக முன்னால் நடந்தாள். பெரியப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். "மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகும் மாணிக்கத்தோடு நானும் தொற்றிக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு கூத்து. கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கன்னடத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். முன்னால் போகச் சொல்கிறார் என்று புரிந்தது. நல்ல மாணவியாக முன்னே போனேன், இன்னும் முன்னே போனேன், ஒரு நிறுத்தத்தில் முன்வாசல் வழியாக இறங்கியே விட்டேன். பஸ் மாணிக்கத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "படிச்ச பொண்ணுன்னு சரோஜா சொல்லிச்சே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

டாக்டரம்மா மைசூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழைக் கன்னடத்தின் இழுவையோடு பேசினார். அவருடைய ஆராய்ச்சிக் கூடம் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஓர் அறை. உள்ளே போனதும் எலி வாடை. வரிசையாகக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை. அட்டையில் தமிழில் 'எல்லம்மா', 'துரைசாமி', 'பிலோமினா'. யார் படையலில் வந்த காசில் எந்தக் கூண்டு வாங்கப்பட்டதோ, அந்தப் பெயர். துரைசாமிக் கூண்டில் இருந்த எலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரண்டுகொண்டிருந்தன. "பேருக்கேத்த ஆட்டம்" என்றார் மாணிக்கம்.

டாக்டரம்மா என்னை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நாவற்பழம் பிழிந்த துணி மாதிரி ஊதா ஊதாவாக ஏதோ தெரிந்தது. இதுவா மனிதரைக் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் ஒரு தடித்த நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நோயாளி. முதல் வரி, 'முதலில் என்ன தெரிந்தது?'

"எலியைவிட எனக்கு இந்த நோட்டுதான் முக்கியம்," என்றார். "ஜனங்க இதைச் சொல்ல மாட்டாங்க. வெட்கம், பயம். கோலார்லேருந்து வர்றவங்க எல்லாரும் ஒரே வார்த்தை சொல்றாங்க: தூசி. சுரங்கத்துல வேலை செஞ்சோம், தொண்டை கரகரங்குது, தூசிதான். நிறையப் பேருக்கு அது தூசிதான். ஆனா சில பேருக்கு இல்லை. அந்தச் சில பேரும் தூசின்னே ஒரு வருஷம் கஷாயம் குடிச்சிட்டு வர்றாங்க. அப்புறம் நான் என்ன செய்யறது?"

பெரியப்பாவின் பெயரும் அந்தப் பலகையில் இருந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. திரும்பி வந்ததும் வராததுமாக மாணிக்கத்திடம் சாக்கட்டி கேட்டேன். "அஞ்சலம்மா சொன்னாங்களா?" என்றார் அவர். "சொல்லாம என்ன?" என்று சொல்லிவிட்டு, பலகையின் அடியில் எழுதினேன்: 'கோவிந்தசாமி – கருவாட்டுக் குழம்பு'. என் எழுத்து கோணல்மாணல். பெருமையோ பெருமை.

சாயங்காலம் வேலை விட்டு வந்த பெரியம்மா அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார். படிக்கத் தெரியாதவர். ஆனால் கணவன் பெயரின் உருவம் தெரியும். சம்பளச் சீட்டுகளில் எத்தனையோ முறை பார்த்தது. முந்தானையை எடுத்து அதை அழித்தார். தூணருகே நான் நிற்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மிச்சத்தைச் சரோஜா சொன்னாள். "நாளைக்கு லிங்கராஜபுரத்துலேர்ந்து வர்றாங்க. என்னைப் பேசி முடிக்க. அவுங்களுக்கு எங்கப்பா தூசில போனாருன்னுதான் தெரியும். தூசின்னா யாருக்கும் ஒண்ணும் இல்ல. கோலார்ல வீட்டுக்கு வீடு அதான். இந்த நோவுன்னு தெரிஞ்சா, ரத்தத்துல வரும், புள்ளைங்களுக்கு வரும்னு ஓடிடுவாங்க. ஏற்கெனவே ஒரு எடம் ஓடியாச்சு. உனக்கென்ன, ஈப்போ? மூணு நாள் கழிச்சு ரயில் ஏறிடுவே. நான் இந்தத் தெருவுல இருக்கணும்."

விரலில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். 

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை செல்வராஜ் ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்கிறவர். உயரம், கூச்சம், புதுச் சட்டை. தாயார் பச்சையம்மாள் உட்கார்ந்ததுமே வீட்டின் ஓட்டை ஒடிசல்களை எண்ணத் தொடங்கினார். தகப்பனார் ஆறுமுகம்தான் கலகலப்பு. அவரும் கோலாரில் இருபது ஆண்டு சுரங்கத்துக்குள் இறங்கியவர். ஆனால் குரல்தான் காற்றுப் போன ஆர்மோனியம் மாதிரி கரகரவென்று வந்தது.

"சிரிக்காதம்மா, மலாயாப் பொண்ணு," என்றார் என்னைப் பார்த்து. "மூணு மாசமா இப்பிடி. தூசி! மைன்ல இருந்தவன் தொண்டையில பாதி தூசி, பாதி தங்கம். பொண்ணு வூட்டுல நகை கேக்காம நான் இருமியே போட்டுடுவேன்."

எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா முறுக்கும் காபியும் கொண்டுவந்து வைத்தார். ஆறுமுகம் முறுக்கை ஒடித்துக் காபியில் நனைத்தார். நன்றாக ஊறும்வரை பிடித்திருந்தார். விழுங்கும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கழுத்தை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார். பிறகு மறுபடி வேடிக்கை பேசினார்.

தட்டை வைத்திருந்த பெரியம்மாவின் கை அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

எல்லாம் பேசி முடிந்தது. அடுத்த மாதம் தாம்பூலம் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. பச்சையம்மாள்கூடப் போகும்போது சரோஜாவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகு பெரியம்மா அடுப்படியில் உட்கார்ந்தார். அன்று மதியம் உலை வைக்கவில்லை.

"அதே மாதிரி," என்றார். "முறுக்க நனைக்கிறாரு பாரு. தலய சாச்சி முழுங்கறாரு. உங்கப்பா அப்பிடித்தான்."

"அம்மா, பேசாம இரு," என்றாள் சரோஜா.

"நானும் தூசின்னேன். ஒரு வருசம் மிளகும் மஞ்சளும் கொதிக்க வெச்சி குடுத்துகினு இருந்தேன். எங்கையால."

"அவருக்கு நெசமாவே தூசியா இருக்கும்மா."

"இருக்கும். இல்லாமயும் இருக்கும்."

"சொன்னா நமக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க. அப்பாவைச் சொல்லணும். அப்புறம் என் கதி?"

பெரியம்மா மொச்சையை முறத்தில் கொட்டிப் பொறுக்கினார்.  குறுக்கே பேச எனக்கு உரிமையில்லை என்பதை முந்தானையால் அழிந்த சாக்கட்டி எழுத்து சொல்லியிருந்தது. பிறகு பெரியம்மா, "உனக்கு வேணாம்னா நான் சொல்லல. உன் வாழ்க்க. நீ சொல்றதுதான்," என்று மகளிடம் சொல்லிவிட்டு, மொச்சையை ஊறப் போட்டார். மறுநாள் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு படைப்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாடகைக்கு எடுத்த மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு படம், பூச்சரம், ஊதுவத்தி, பக்கத்திலேயே கொதிக்கும் அண்டா. அல்சூர், விவேக் நகர், லிங்கராஜபுரம் என்று எங்கிருந்தெல்லாமோ ஜனம். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் எல்லாம் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டியது போல ஒரு சத்தம்.

"ரெண்டு எல்லம்மா குடுங்க!"

"முனிரத்தினம் தீந்துடுச்சி. கொஞ்சம் இரு, கிண்டிகினு கீறாங்க."

"துரைசாமி ரொம்பக் காரம்பா!"

"உசுரோட இருக்கசொல்லயும் அப்பிடித்தான்!"

கூட்டத்திலிருந்து கன்னடத்தில் ஒருவர் தம் மனைவியிடம், "நீ போய்ச் சேர்ந்தால் நான் என்ன சமைத்து வைப்பது? உனக்குத்தான் எதுவும் பிடிக்காதே" என்று கேட்டதை மாணிக்கம் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அம்மாளின் பதிலை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

ஒரு மேசையில் மட்டும் பெயரில்லாமலே வியாபாரம் நடந்தது. கணவன் பெயரை வாயால் சொல்லாத ஓர் அம்மாள், "சூடா இவுரு! வாங்க, சூடா இவுரு!" என்று கூவிக்கொண்டிருந்தார். பலகையைப் பார்த்து வாங்குகிறவர்கள் பெயர் சொன்னால், வெட்கத்தோடு தலையாட்டிக் கரண்டியை எடுத்தார். பிலோமினாவின் கணவர் அந்தோணி, ஒரு காலத்தில் வெள்ளைக்கார பங்களாவில் பட்லராக இருந்தவர். வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாக நின்று, ஒவ்வொரு தட்டிலும் நடுங்கும் புட்டிங்கை வழுக்காமல் வைத்து, குனிந்து, "மை பிலோமினா. நாக்குல ஒரு வெள்ளைப் புள்ளி, மேடம். வலியே இல்ல. வலி இல்லாததுனால விட்டுட்டோம்" என்று ஒவ்வொருவரிடமும் அதே மரியாதையோடு சொன்னார். வாங்கியவர்கள் ஓரமாகப் போய் நின்று தின்றுகொண்டே நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

மாணிக்கம் அத்தனை ஆண்களுக்கு நடுவில் உரக்கச் சொன்னார்: "எல்லம்மாவுக்கு மாருல பட்டாணி அளவு கட்டி. என்னாண்ட சொல்ல வெக்கப்பட்டுகினு எட்டு மாசம் மறைச்சிட்டா. உங்க வூட்டுல வெக்கப்பட வேணாம்னு சொல்லுங்க." ஒரு மீசைக்காரர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். எங்கள் ஈப்போவில் சீனர்கள் கல்லறைக்குக் கோழி கொண்டுபோய்ப் படைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து உண்பார்கள். அதைச் சிறுவயதில் நான் வியந்து பார்த்திருக்கிறேன். ஆனால் தம் வீட்டுச் சாவை ஊருக்கே பரிமாறி, அடுத்த வீட்டுச் சாவைத் தடுக்கப் பார்க்கும் மனிதர்களை அன்றுதான் பார்த்தேன்.

நண்பகல் இருக்கும். கூட்டத்துக்குள் ஆறுமுகம் தெரிந்தார், பச்சையம்மாள், செல்வராஜோடு.  அதே நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து பெரியம்மா வந்தார், இடுப்பில் குழம்புச் சட்டியும் கையில் பெரியப்பாவின் படமுமாக. அவருக்கு முன்னால் சரோஜா. நேராகப் பலகைக்குப் போனாள். சாக்கட்டியை எடுத்தாள். ஒரு கணம் கை பலகைமேல் நின்றது. பிறகு எழுதினாள், முத்து முத்தாக: 'கோவிந்தசாமி – மொச்சை, கருவாட்டுக் குழம்பு'.

"நீயா?" என்றேன் அருகில் போய்.

"உங்கிட்ட விட்டா 'கோவிந்தசாமி'யை மறுபடி கோணலா எழுதுவே," என்றாள். "நேத்து ராத்திரி பூரா அவரு முறுக்கை நனைச்சதே கண்ணுல நின்னுச்சு."

ஆறுமுகம் பலகையைப் பார்த்துவிட்டார். "இன்னா தங்கச்சி இது? நம்ம சம்பந்தி பேரு இங்க எதுக்கு? அவரு தூசில்ல?"

"தூசி இல்ல அண்ணா," என்றார் பெரியம்மா. சட்டியையும் படத்தையும் மாணிக்கத்தின் மேசையில் இறக்கி வைத்தார். "தூசின்னுதான் நாங்களும் நெனச்சோம். மொதல்ல கொரலு போச்சி. அப்பால முறுக்க காபியில நனைச்சாரு. அப்பால தலய ஒரு பக்கமா சாச்சி முழுங்கனாரு. நான் கஷாயம் காச்சினேன். ஒரு வருசம் கழிச்சிதான் இவுங்கள்ட்ட கொண்டாந்தேன்." சற்றுத் தள்ளி நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவைக் காட்டினார்.

பச்சையம்மாள் குரலெடுத்தார். "அப்ப நேத்து வாயத் தொறக்காம காபி ஊத்தனியே! எம் புள்ளய ஏமாத்தி கட்டிவெக்கப் பாத்தியா? டேய் செல்வம், வாடா. வாங்க, போலாம்."

"நேத்து சொல்லல. தப்புதான்," என்றார் பெரியம்மா. "பொண்ணு வேணாம்னா போங்க அண்ணி. அண்ணன மட்டும் அந்தம்மாக்கிட்ட காட்டிட்டுப் போங்க."

  ஆறுமுகத்தின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பாதியில் அதைக் கவனித்தவர் போலக் கையைக் கீழே இறக்கினார். மனைவி இழுத்த பக்கம் அவர் போகவில்லை. பெரியப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அந்தக் காற்றுப் போன குரலில், "ஒரு பிளேட் கோவிந்தசாமி குடும்மா" என்றார்.

பெரியம்மா முனிரத்தினம் மேசையிலிருந்து களி வாங்கி வைத்துக் குழம்பை ஊற்றினார். ஆறுமுகம் ஒரு துண்டை எடுத்துத் தொட்டு வாயில் போட்டார். தலையைச் சாய்த்தார். முகம் சிவந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. செல்வராஜ் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். மெல்ல வேண்டாத களி. பச்சைப் பிள்ளைக்குக்கூட இறங்குகிற களி. பச்சையம்மாள் கணவரையே வெறித்துப் பார்த்தார். மூன்று மாதமாகத் தம் வீட்டில் நடந்ததை அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. இருவரையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

சரோஜா அன்று மாலைவரை பரிமாறினாள். குழம்பு மிச்சமில்லை. முதல் நோய்க்குறியை முப்பது நாற்பது முறையாவது சொல்லியிருப்பாள். ஒரு தடவைகூடக் குரல் தாழவில்லை. கோலார்க்காரர்கள் சிலர் இரண்டாம் முறையும் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை பிற்பகல் எனக்கு ரயில். காலையில் பெரியம்மா, "நான் ஆஸ்பத்திரிக்கு போறேன். அவுங்க வருவாங்களோ மாட்டாங்களோ. வந்தா, பாவம், எந்தக் கதவுன்னு தெரியாது" என்று புடவையைச் சொருகிக்கொண்டார். சரோஜாவும் நானும் கூடவே போனோம். இந்த முறை பஸ்ஸில் நான் முன்னால் போகவில்லை.

அவர்கள் வந்திருந்தார்கள். வராந்தாவின் ஒரு கோடியில் மூவரும். எங்களைப் பார்த்ததும் பச்சையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் மறுகோடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். வெயில் அங்கேதான் விழுந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று.

நர்ஸ் கதவைத் திறந்து ஆறுமுகத்தின் பெயரைக் கூப்பிட்டார். "கூட ஒருத்தர் வாங்க. எப்ப ஆரம்பிச்சது, எப்படின்னு விவரமாச் சொல்லத் தெரிஞ்சவங்க."

பச்சையம்மாள் எழுந்தார். இரண்டடி வைத்தார். நின்றார். பிறகு எங்கள் பக்கம் பார்க்காமலே, "நீயும் வா. எனக்கு எத்த சொல்றது, எத்த வுடறதுன்னு தெரியல" என்றார். பெரியம்மா போனார். கதவு மூடிக்கொண்டது.

செல்வராஜ் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து தொண்டையைச் செருமினார். "போர்டுல எழுதினது நீங்கதானே? நல்ல எழுத்து."

சரோஜா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாதான் வேணாம்னாங்க," என்றார். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"நானும்தான் ஒண்ணும் சொல்லல," என்றாள் சரோஜா. "மொதல்ல உங்கப்பா வெளிய வரட்டும்."

கதவு திறக்க நெடுநேரம் ஆயிற்று. தொண்டையிலிருந்து கடுகளவு சதையை எடுத்திருக்கிறார்களாம். நுண்ணோக்கியில் பார்த்து, அடுத்த வாரம் சொல்வார்களாம். எதுவாக இருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் வந்தால் வைத்தியம் பார்க்க வழியிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாராம். இதையெல்லாம் பெரியம்மா மெல்லச் சொன்னார். ஆறுமுகம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, பேச முடியாததால் எங்களைப் பார்த்துக் கண்ணை மட்டும் சிமிட்டினார்.

பச்சையம்மாள் சரோஜாவுக்கு முன்னால் வந்து நின்றார். "உங்கப்பாவ எத்தினி நாள் கழிச்சி இங்க கொண்டாந்தீங்க?"

"ஒரு வருஷம் ஆச்சு."

"இவுரு மூணு மாசம்," என்றார் பச்சையம்மாள். "மூணே மாசம்." தொலைந்த சாமான் கைக்குக் கிடைத்தாற்போல அதை இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். பிறகு நெற்றியைச் சுளித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்து, மகன் பக்கம் திரும்பினார்.

"இன்னாடா மரம் மாதிரி நின்னுகினு கீற? பொண்ணு காலீலேர்ந்து வெயில்ல குந்தினு கீது பாரு. இந்தாண்ட நெழலுக்கு வரச் சொல்லு."